எழுதாத ஈயம்

ஹாஜிரா பீயிடம் மாட்டிக்கொண்டால் லேசில் தப்ப முடியாது. நான் கார்ப்பரேஷன் மருத்துவச்சி; பேர் புஷ்பம். மயிலாப்பூர் வட்டாரத்தில் பதினோரு வருஷம் பிரசவம் பார்த்தவள். வலியில் என்னைத் திட்டியவர்கள் உண்டு, என் கையைக் கடித்தவர்கள் உண்டு. இடுப்பு வலி எடுத்துப் படுத்திருக்கும்போது, "நர்ஸம்மா, கொழந்த உள்ளாற எப்டி மூச்சு வாங்குது?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அது முப்பத்தொன்பதாம் வருஷம். அன்று காலையிலிருந்து நான் பார்க்கிற இரண்டாவது பிரசவம் அது, காபி கூடக் குடிக்கவில்லை. "முதல்ல பெத்துப் போடு பிள்ள, பொறவு சொல்லுதேன்" என்று எரிந்து விழுந்தேன். நான் திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் ஊர்ப்பேச்சு வந்துவிடும். பெண் குழந்தை பிறந்தது. குல்சும் என்று பேர் வைத்தார்கள். துடைத்துக் கையில் கொடுத்தேன். வாங்கி நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "இப்ப சொல்லுங்கோ" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வீட்டில் ஒருத்தி காத்திருந்தாள். இன்னொரு நாள் சொல்வதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. புருஷன் கரீமுல்லா, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். மாடவீதிகளில் கூவிக்கொண்டு போய்ப் பாத்திரங்களை வாங்கி வருவார். வீட்டு வாசலில் குழி அடுப்பு. பாத்திரம் நன்றாகக் காய்ந்ததும் நவச்சாரத் தூளைத் தூவுவார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பும். ஈயக் கட்டியால் ஒரு தொடு தொட்டு, பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், உள்ளே பளபளவென்று ஆகிவிடும். ஹாஜிரா கோணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து துருத்தி போடுவாள். தெருவில் போகிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது; குரல் மட்டும் எல்லோருக்கும் கேட்கும்.

"நவச்சாரம் போடாட்டி ஈயம் இன்னாத்துக்கு ஒட்ட மாட்டேங்குது?"

"அல்லாவுக்குத் தெரியும்" என்பார் கரீமுல்லா.

"நம்பளுக்கும் தெரிஞ்சா இன்னா கொறஞ்சுடும்?"

அவருக்குக் கோபமே வராது. எனக்கென்றால் வந்திருக்கும்.

அவள் படித்தவள் இல்லை. மாதக் கணக்கைச் சுவரில்தான் வைத்திருந்தாள். உள் அறையில், சுண்ணாம்பு அடித்த சுவரின் ஒரு மூலையில், மாதத்துக்கு ஒரு கோடு. குல்சுமுக்கு ஒன்பது கரிக்கோடுகள். ரம்ஜானுக்கு வெள்ளை அடிக்கும்போது கூட அந்த மூலையை விட்டுவிடச் சொல்வாள். கரிக்கோடுகளுக்குக் கீழே ஏதோ கீறின தடம் மாதிரி லேசாகத் தெரிந்தது. அது என்னவென்று கேட்டேன்.

"ஈயத்துண்டு கையில கெடச்சுது, அத்தால போட்டுப் பாத்தேன் நர்ஸம்மா. எழுதல. அதான் கரியால போட்டேன்" என்றாள்.

நான் தலையை ஆட்டிவிட்டு அதை அங்கேயே மறந்துவிட்டேன்.

இந்த இடத்தில் என் பிரதாபத்தையும் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைதோறும் பிள்ளைப்பேறு நிலையத்தில் கர்ப்பிணிகளை உட்கார வைத்துப் புத்தி சொல்வது என் வேலை. எனக்கு அதில் தனி ருசி. ஈயம் போன பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், களிம்பு வயிற்றுக்குள் போனால் விஷம் என்பேன். அது வாஸ்தவம்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வயித்துல பிள்ளை இருக்கிற வீட்டில மாசாமாசம் ஈயம் பூசணும். நல்லாக் கனமாப் பூசச் சொல்லுங்க" என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். முன்வரிசையில் ஹாஜிரா உட்கார்ந்திருப்பாள். ஒரு சொல் விடாமல் கேட்டுப்போய்ப் புருஷனிடம் ஒப்பிப்பாள்.

நாற்பத்திரண்டில் மலாயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. பட்டணத்தில் பாதிப் பேர் குண்டு விழும் என்று பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வந்தார்கள். மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஈயம் திரும்பி வரவில்லை. கையிருப்பு தீர்ந்ததும் கரீமுல்லா திண்டாடிப் போனார். ஹபீபுர் ரஹ்மான் என்று ஒரு பழைய உலோகக் கடைக்காரர் அவருக்குப் புதுக் கட்டிகள் கொடுத்தார். அச்சாபீசில் தேய்ந்துபோன எழுத்துகளையும் உடைந்த குழாய்களையும் உருக்கி, கொஞ்சம் நல்ல ஈயமும் சேர்த்து வார்த்தது. நல்ல ஈயக் கட்டியைக் காதோரம் வைத்து வளைத்தால் நறநறவென்று ஒரு சத்தம் வரும். இது வாயைத் திறக்கவில்லை. ஆனால் பாத்திரத்தில் ஒட்டியது, துடைத்தால் மினுக்கியது. ஊரில் எல்லோரும் அதைத்தான் பூசினார்கள். யுத்த காலத்தில் அரிசியிலேயே கல் இருக்கும்போது ஈயத்தை யார் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள்?

நாற்பத்துமூன்றில் ஹாஜிராவுக்கு மறுபடி நாள் தள்ளியது. அந்த வாரமே கரீமுல்லா தன் வீட்டுப் பாத்திரங்களை எல்லாம் அடுப்பில் ஏற்றினார். புளிக்குழம்பு வைக்கும் தேக்சாவுக்கு மட்டும் இரண்டு பூச்சு. ஊருக்கெல்லாம் ஒன்று, பெண்சாதிக்கு இரண்டு. என்னிடமே எடுத்துக் காட்டினார். "பாருங்கோ நர்ஸம்மா, மொகம் பாக்கலாம்" என்றார். "அப்படித்தான் இருக்கணும் பாய்" என்று நானும் மெச்சினேன். ஹாஜிராவுக்கு மசக்கையில் புளிப்பு என்றால் உயிர். மாங்காய் போட்ட புளிக்குழம்பை அந்தத் தேக்சாவில் வைத்து, மிச்சத்தை அதிலேயே மூடி வைத்து, மறுநாளும் சாப்பிடுவாள்.

ஏழாம் மாதம் குழந்தை போய்விட்டது.

துருத்தி போட்டதனால்தான், அடுப்புச் சூட்டினால்தான் என்று அவளைத் திட்டினேன். அழுதுகொண்டிருந்தவளைத் திட்டினேன், பாருங்கள். மறுவருஷம் மறுபடி உண்டானாள். இந்தத் தடவை துருத்தியைத் தொடவில்லை. தேக்சாவுக்கு மறுபடி இரண்டு பூச்சு. எட்டாம் மாதம், கை கால் விரல் எல்லாம் முழுசாக, தலை நிறைய முடியோடு ஒரு ஆண் குழந்தை, அசைவில்லாமல் வந்தது. என் கையில்தான் வந்தது. கரீமுல்லா அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிவாசல் பக்கம் நடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டேன்.

நாற்பத்தைந்து கடைசியில் ஹாஜிரா, குல்சுமுக்குப் பிறகு மூன்றாவது தடவையாக, என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மூன்று மாதம். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. அடிக்கடி வயிற்றை முறுக்கிப் பிடிக்கிறது, மலம் சரியாகப் போவதில்லை என்றாள். உள் அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். ஒன்பது கரிக்கோடு. அதன் கீழே ஏழு சாம்பல் நிறக் கோடு. அதன் கீழே எட்டு. கடைசியில் மூன்று.

"இதுவும் பூட்டா நா தாங்க மாட்டேன் நர்ஸம்மா. ஆனா ஒண்ணு கேக்கணும். குல்சும் உண்டானப்ப ஈயத்துண்டால போட்டேன், எழுதல. அப்புறம் வந்த மூணு வாட்டியும் எழுதுது. பென்சிலு மாரி எழுதுது. அப்ப எழுதாத ஈயம் இப்ப இன்னாத்துக்கு எழுதுது?"

"சும்மா கெடளா. கோடு போடுததுல என்ன இருக்கு?" என்றேன்.

"ஈயம் வேற ஆயிடுச்சு. கொழந்தைங்க போறதும் அப்பலேந்துதான். வேற எதுவும் மாறல. அதே ஊடு, அதே தண்ணி, அதே மனுசன். நா ரோசன பண்ணிக்கினே கீறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஈயம் பூசினால் நல்லது என்று புஸ்தகத்திலேயே போட்டிருக்கிறது என்றேன்.

"உங்க பொஸ்தகத்துல எந்த ஈயம்னு போட்டுக்குதா?" என்றாள். பிறகு, "உங்ககிட்ட பெரிய நோட்டு கீதே, எந்த ஊட்டுல கொழந்த பொறந்துச்சு, எந்த ஊட்டுல பூட்ச்சுன்னு எழுதுவீங்கோ. அத்த எடுத்துக்கினு வாங்கோ. நம்பகிட்ட பாத்திரம் போடற ஊடு எதுன்னு நா சொல்றேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டு போனேன், வாயடைக்கத்தான். நான் வீட்டைச் சொல்லச் சொல்ல அவள் விரலை மடக்கினாள். இரண்டு வருஷத்தில் என் வட்டாரத்தில் வயிற்றிலேயே போன குழந்தைகள் பதினொன்று. அதில் எட்டு, கரீமுல்லா பூசிய பாத்திரத்தில் சமைக்கிற வீட்டுக் குழந்தைகள்.

மறுநாள் வடக்கு மாடவீதி விசாலாக்ஷி வீட்டுக்கு நானே போனேன். அந்தப் பெண்ணுக்கும் இரண்டு தடவை போயிருந்தது. ரசம் எதில் வைக்கிறாய் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஈயச் சொம்பு ஓட்டையாப் போயிடுத்து. யுத்தத்துல புதுசு எங்கே கிடைக்கறது? பாய் பூசிக் குடுக்கற பித்தளைப் பாத்திரத்துலதான் வெச்சிண்டிருக்கோம்" என்றாள்.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் அதுலதானா?"

"ஓர்ப்படி பின்கட்டுல தனியாச் சமைக்கறா. அவ கல்சட்டியை விட மாட்டேங்கறா. புளியைக் கல்சட்டியிலதான் விடணும்னு அவளுக்கு ஒரு பிடிவாதம்."

அந்த ஓர்ப்படிக்கு அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு பிள்ளைகள். இரண்டையும் நான்தான் எடுத்தேன். இரண்டும் கத்தின கத்தலில் தெப்பக்குளம் வரை கேட்டிருக்கும்.

ஹாஜிராவைக் கூட்டிக்கொண்டு, ஒரு ஈயத்துண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு லேடி டாக்டர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். துண்டை வாங்கி மேஜைமேல் இருந்த காகிதத்தில் இழுத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது. ஹாஜிராவின் உதட்டை விரலால் இறக்கி ஈறைப் பார்த்தார். அவள் வெற்றிலை போடாதவள். பல்லின் அடியை ஒட்டி, மையால் வரைந்த மாதிரி ஒரு நீலக்கோடு இருந்தது. அவளைத் திட்டத்தான் எத்தனை தடவை வாயைத் திறந்திருக்கிறேன், அவள் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை பார்த்ததில்லை.

"இது வெள்ளீயம் இல்லை; வெள்ளீயம் இப்படி எழுதாது. பாதிக்கு மேல் காரீயம்" என்றார் டாக்டர். "புளி இதைக் கரைக்கும். கரைந்தது தாய் ரத்தத்தில் சேரும், வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். பிள்ளை தாங்காது." இந்தப் பாத்திரத்தில் எதுவும் சமைக்கக்கூடாது, அடுப்புப் புகைப் பக்கம் போகக்கூடாது, பால் நிறையக் குடிக்க வேண்டும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கர்ப்பிணி வீட்டில் இப்படிக் கனமாகப் பூசச் சொன்னது யார்?" என்று கேட்டார்.

"அது அவங்க வழக்கம் டாக்டர்" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். ஹாஜிரா என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அதிசயமாக, அவள் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வந்து கரீமுல்லாவிடம் சொன்னேன். சொன்னேனா, கொட்டினேன். என்மேல் இருந்த கோபம் எல்லாம் அவர்மேல் பாய்ந்தது. "ஒரு சத்தம் இல்லாத கட்டியை எப்படிப் பாய் கையில எடுத்தீங்க? தொழில் தெரிஞ்ச மனுஷன்தானே நீங்க?" என்றேன். அவர் உள்ளே போய்த் தேக்சாவை எடுத்து வந்தார். உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு பூச்சு" என்றார். "அவளுக்குன்னு ரெண்டு பூச்சு பூசினேன் நர்ஸம்மா. யா அல்லா, நானே…" அந்தப் பெரிய மனுஷன் தேக்சாவுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார்.

"போதும், வுடுங்கோ நர்ஸம்மா. அவுருக்கு இன்னா தெரியும்?" என்றாள் ஹாஜிரா.

மறுநாளிலிருந்து அவர் வீடு வீடாகப் போனார். இந்தத் தடவை கூவவில்லை. பூசின பாத்திரங்களைத் திரும்ப வாங்கி வந்து, பூச்சைச் சுரண்டி எடுத்து, வெறும் பித்தளையாகத் திருப்பிக் கொடுத்தார். புளியை மட்டும் மண்சட்டியிலோ கல்சட்டியிலோ விடுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். வைதவர்கள் வைதார்கள். வாசல் அடுப்பை மண் போட்டு மூடிவிட்டு, நல்ல ஈயம் வருகிறவரை லஸ்ஸில் ஒரு பாத்திரக் கடையில் மூட்டை தூக்கினார். வீட்டுக்கு மண்சட்டி வந்தது. ஈயக்காரன் வீட்டில் மண்சட்டியா என்று சந்தே சிரித்தது.

ஆறு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. உடம்பில் ஏற்கெனவே ஏறினது என்ன செய்யுமோ என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. வாரம் ஒரு முறை போவேன். சுவரில் மூன்று சாம்பல் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது கரிக்கோடுகள். ஏழாவது கோடு விழுந்த அன்று ஹாஜிரா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடவில்லை. எட்டாவது விழுந்தது. ஒன்பதாவதும் விழுந்தது.

நாற்பத்தாறு ஜூன், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு மத்தியானம் வலி எடுத்தது. அன்று அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மூன்று மணிக்குப் பையன் பிறந்தான். சின்ன உருவம், ஐந்து ராத்தலுக்குக் கொஞ்சம் குறைவு. பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினேன். ஒன்றும் இல்லை. இன்னொரு தட்டு. பூனைக்குட்டி மாதிரி முதலில் ஒரு முனகல், பிறகு வீல் என்று ஒரு அலறல். வாசலில் கரீமுல்லா, "அல்ஹம்துலில்லா" என்று கத்தியது கேட்டது. நான் கிறிஸ்தவச்சி, நானும் கூடவே சொல்லிவிட்டேன்.

தொப்புள்கொடியை நூலால் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. "ஹாஜிரா, கனமாப் பூசச் சொன்னது நான்தான். டாக்டர் கிட்டப் பொய் சொன்னேன். உன் வீட்டுக்காரர் மேல பழியைப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே.

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்கோ ரோஷப்பட்டுக்கினு வராம பூட்டா? இவன யாரு எடுக்கறது? உங்கள வுட்டா நம்பளுக்கு யாரு கீறாங்கோ?"

என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அறைந்ததில்லை. "மன்னிச்சுக்கோ பிள்ள" என்றேன். எனக்கு அந்த வார்த்தை பழக்கம் இல்லை.

"அத்த வுடுங்கோ" என்று கண்ணைத் திறந்தாள். முகத்தில் பழைய குறும்பு எட்டிப் பார்த்தது. "இப்பவாச்சும் சொல்லுங்கோ. கொழந்த உள்ளாற எப்டி மூச்சு வாங்குது? ஏழு வருசமா இன்னொரு நாளு, இன்னொரு நாளுன்னு சொல்லிக்கினே கீறீங்கோ."

இந்தத் தடவை நான் உட்கார்ந்தேன். கொடியைக் கையில் தூக்கிக் காட்டினேன். பிள்ளை உள்ளே மூக்கால் மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்தில் இருக்கிற காற்றுதான் இந்தக் கொடி வழியாக அதற்குப் போகிறது. காற்று மட்டும் இல்லை, சோறு, தண்ணி எல்லாம் இதே வழிதான். தாய் வாயில் போடுகிறது ரத்தத்தில் கலந்து பிள்ளைக்குப் போய்விடும் என்று சொன்னேன். எல்லாமாகச் சேர்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அவள் கொடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லது மட்டும் போவுமா, நாம துன்ற எல்லாமே போவுமா?"

"எல்லாமே போகும்."

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அவள் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தாள். "ஈயம் எழுதுச்சே, அன்னிக்கே நா தேக்சாவ தூக்கிக் கடாசியிருப்பேன், இல்ல?"

நான் கத்திரியை எடுத்துக் கொடியை வெட்டினேன். அவள் பையனை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அங்கே அந்த ஏழு கோடும் அந்த எட்டுக் கோடும் இருந்தன.